கிழக்குக் கரையில் எட்டுக் கூடுகள்

அன்று காலை டீச்சர் கிழக்குக் கரையை மூன்று தடவை நடந்து எண்ணினாள். மூன்று தடவையும் எட்டுதான் வந்தது.

எட்டுக் கூடு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆள்காட்டிக் குருவி கூடு என்று ஒன்றைக் கட்டுவதே இல்லை. கரையில் கொட்டிக் கிடக்கும் சரளைக்கல்லுக்கு நடுவே மார்பை வைத்து அழுத்தி, உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம் பண்ணும். அதில் நான்கு முட்டை இடும். முட்டையும் கல் நிறம், கல்லும் முட்டை நிறம். கண் பழகாதவன் முட்டை மேலேயே நின்றுகொண்டு ‘முட்டை எங்கே?’ என்று கேட்பான். ஆள் கிட்டே வந்தால் தாய்ப்பறவை எழுந்து தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். கத்துவதைத் தவிர அதனால் வேறொன்றும் செய்ய முடியாது.

“எட்டுதானா டீச்சர்?” என்றார் எண்ணும் வரிசை தவறாமலிருக்கப் பிடித்த கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்த வாட்ச்மேன். நாற்பதைத் தாண்டிய மனிதர். இந்த நிலத்துக்குக் காவல் வந்து பன்னிரண்டு வருஷம். புல்லில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் திட்டமாட்டார், விசில்தான் ஊதுவார். அதனால் ஊருக்கே அவர் விசில்காரர்.

“எட்டுதான் தம்பி.”

“போன வருஷம் பதினாலு. அதுக்கு முந்தி இருபத்திரெண்டு.” விசில்காரர் தலையைச் சொறிந்தார். “அப்ப இந்த வருஷம் கரைய மூடிடுவாங்க.”

டீச்சர் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

அது ஊருக்குக் குடிதண்ணீர் கொடுத்த பழைய ஏரி. தண்ணீர் வேறு எங்கிருந்தோ குழாயில் வர ஆரம்பித்த பிறகு, ஏரியையும் அதைச் சுற்றியிருந்த நிலத்தையும் நகராட்சி பாதுகாப்பு நிலம் என்று அறிவித்து ஒரு குழுவிடம் ஒப்படைத்தது. இயற்கையும் பிழைக்க வேண்டும், மக்களும் நடக்க வேண்டும் என்பது குழுவின் கொள்கை. இரண்டுக்கும் சேர்த்து இருந்ததோ ஒரே கரை. மேற்குப் பக்கம் முழுக்கப் பாறையும் படிக்கட்டும். கிழக்குப் பக்கம்தான் சமதரை. பறவைக்கும் சமதரைதான் பிடிக்கும், மனிதனுக்கும் அதுதான் பிடிக்கும்.

பள்ளியில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர், ஓய்வுக்குப் பிறகு அந்தக் குழுவில் சேர்ந்தாள். கூடு பத்துக்குக் கீழே போனால், குஞ்சு பொரித்துப் பறக்கிற நான்கு மாதமும் கிழக்குப் பாதையை அடைத்துவிட வேண்டும் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு விதி வந்தது. கூட்டத்தில் எழுந்து நின்று சண்டை போட்டு அந்த விதியைக் கொண்டுவந்தவளே டீச்சர்தான். அப்போது அவள் கணவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். கால் காலாக இருந்த காலம்.

கேட்டுக்குப் பக்கத்துக் கூண்டு அறையில் விசில்காரர் ஃபிளாஸ்கிலிருந்து இரண்டு டம்ளரில் தேநீர் ஊற்றினார். கணக்குத் தாளை டீச்சர் மேஜையில் விரித்தாள். எண்ணியவர் கையெழுத்து, உடன் எண்ணியவர் கையெழுத்து, மொத்தக் கூடுகள். மூன்றாவது கட்டத்தை அவள் காலியாக விட்டாள்.

“எதுக்கும் நாளைக்கு ஒரு தடவை தனியா வந்து பாத்துடறேன் தம்பி. அப்புறம் எழுதிக்கிறேன்.”

“உங்களுக்குத் தெரியாததா டீச்சர்?” என்று சொல்லிவிட்டு விசில்காரர் தன் பெயரை எழுத்துக் கூட்டி, நிதானமாக எழுதினார்.

வீட்டில் அவள் கணவர் ஏற்கெனவே ஷூ போட்டுக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், வண்டியை டிப்போவில் நிறுத்திவிட்டு இறங்கும்போது பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வண்டியில் ஆள் ஏற்றியிருந்தபோது விழவில்லையே என்று ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் சந்தோஷப்பட்ட மனிதர்.

கை ஓரளவு வந்தது. கால் பாதிதான் வந்தது. இடது பாதத்தை இழுத்து இழுத்து நடப்பார். அதில் உணர்ச்சி இல்லை, முள் குத்தினாலும் தெரியாது. தெருவில் நடைபாதை பெயர்ந்து கிடந்தது. மிச்சமிருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. வாசலில் இறங்கிய முதல் வாரமே இரண்டு முறை விழுந்தார். அதற்குப் பிறகுதான் டீச்சர் அவரை ஆட்டோவில் ஏற்றி ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனாள். முதல் மாதம் கேட்டிலிருந்து முதல் பெஞ்சு வரைக்கும். அடுத்த மாதம் இரண்டாவது பெஞ்சு. இப்போது கிழக்குக் கரை முழுவதும் போய்த் திரும்புகிறார், தனியாக. “ரூட் கிளியர்” என்பார் வீட்டுக்குள் நுழையும்போது. அந்த ஒரு வார்த்தைக்காக டீச்சர் காலையிலிருந்து காதைத் தீட்டி வைத்திருப்பாள்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் கறாராகச் சொல்லியிருந்தாள்: “நடை நிக்கக் கூடாதும்மா. நாலு மாசம் நின்னா நரம்பு எல்லாத்தையும் மறந்துடும். மறுபடி கொண்டுவரது ரொம்பக் கஷ்டம்.”

நான்கு மாதம். அவள் கொண்டுவந்த விதியிலும் அதே நான்கு மாதம்தான்.

“என்ன டீச்சரம்மா, உன் பிள்ளைங்க எத்தனை பேர் வந்திருக்காங்க?” என்று கேட்டார் கணவர். வேறு ஊரில் வாழ்கிற மகளைத் தவிர அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் கேட்டது பறவைகளை.

“எண்ணி முடிக்கல. நாளைக்குத்தான் தெரியும்.”

“மெதுவா எண்ணு. பசங்க ஓடியாடிட்டு இருப்பாங்க.” சிரித்துக்கொண்டே கைத்தடியை எடுத்தார்.

மறுநாள் அவள் கரைக்குப் போகவில்லை. அவர் நடக்கப் போன பிறகு, சமையலறை மேஜையில் உட்கார்ந்து காலிக் கட்டத்தில் பதினொன்று என்று எழுதினாள். ஒன்றும் ஒன்றும். சின்னப் பிள்ளைகூட எழுதிவிடும். முப்பது வருஷம் மற்றவர்களின் தப்புக் கணக்கைச் சிவப்பு மையால் அடித்த கை, நடுங்கவே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

நூலகத்தின் மாடி அறையில் குழு கூடியது. தலைவர் குடிநீர் வாரியத்தில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரோடும் மனஸ்தாபம் வேண்டாம் என்று நினைக்கிற மனிதர். அவருக்கு வலப்பக்கம் பல் டாக்டர். காலை ஓட்டக்காரர்கள் சங்கத்துக்கும் அவர்தான் பொறுப்பு. தொழிலுக்கு விளம்பரம் மாதிரி எப்போதும் பல் தெரியச் சிரித்துக்கொண்டே இருப்பார்.

“பதினொன்று” என்று தலைவர் வாசித்ததும் பல் டாக்டர் கைதட்டினார்.

“நான் அப்பவே சொன்னேன் பாருங்க. மனுஷன் நடந்தா பறவை செத்துடாது. டீச்சரே எண்ணிச் சொல்லிட்டாங்க, இனி யார் பேச முடியும்? அடுத்த மாசக் கடைசில ஏரி ஓட்டம் வைக்கலாம்னு இருக்கோம். கிழக்குக் கரை வழியா.”

“ஓட்டமா?” என்றாள் டீச்சர்.

“அறுநூறு பேர் வருவாங்க. ஊருக்கே பெருமை. பாதைதான் திறந்திருக்கே டீச்சர்?”

பாதை திறந்துதான் இருந்தது. ஒரு மனிதருக்காகத் திறந்ததை ஒரு மனிதருக்கு மட்டும் என்று எழுதி வைக்க முடியாது என்பது அந்த நிமிஷம்தான் அவள் மண்டையில் உறைத்தது. முன்னாலிருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள்.

அடுத்த வாரம் காய்கறி வாங்கிக்கொண்டு வரும் வழியில் ஏரிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். வெயில் ஏறிவிட்டிருந்தது. பாதையோரம் நட்டிருந்த பதினாலாம் எண் கம்பத்துக்குக் கிட்டே, சரளையில் விசில்காரர் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேல் ஒரு ஆள்காட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

“தம்பி! என்ன பண்றீங்க?”

“அந்த மூணு கூடும் எங்கன்னு பாக்கறேன் டீச்சர். நீங்க தனியா வந்து பாத்தீங்களே, அது. ஓட்டம் வைக்கப் போறாங்களாம். எந்த இடம்னு தெரிஞ்சா நான் பக்கத்துல நின்னு ஆளத் தள்ளி விடுவேன்.” நெற்றி வியர்வையைச் சட்டையால் துடைத்தார். “நாலு நாளாத் தேடறேன். என் கண்ணுக்கு ஆப்படல. இந்தக் கம்பத்துக்கிட்ட இருக்கும்னு ஒரு குருட்டுக் கணக்கு.”

“எவ்வளவு நேரமா உக்காந்திருக்கீங்க?”

“ஒரு மணி நேரம் இருக்கும்.”

டீச்சர் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். அந்தக் கம்பத்துக்கு இப்பால் நான்கு அடியில் எட்டுக் கூடுகளில் ஒன்று இருந்தது. கயிற்றின் மறுமுனையில் நடந்த அவருக்குத் தெரியாத அந்த இடம் அவளுக்குத் தெரியும். தாய்ப்பறவை எழுந்து ஒரு மணி நேரமாகியிருந்தது. வெயிலில் கிடந்த முட்டையைத் தொட்டுப் பார்த்தாள். கல் மாதிரியே சுட்டது.

“எழுந்திருங்க தம்பி. அந்த மூணும் இல்ல.”

“இல்லன்னா? காக்கா தின்னுடுச்சா?”

“எப்பவுமே இல்ல. எட்டுதான். நான்தான் பதினொண்ணுன்னு எழுதினேன்.”

அவர் உடனே புரிந்துகொள்ளவில்லை. டீச்சர் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, சிரிக்கத் தயாராக அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். இருவரும் பாதைக்கு வந்த பிறகும் அந்தப் பறவை இறங்கவில்லை.

“கையெழுத்து என்னோடதும் இருக்கு டீச்சர்.”

“உங்க பேர் வராது. நான் பாத்துக்கறேன்.”

“வராதுன்னு எப்படிச் சொல்றீங்க? பேர் அங்கதான இருக்கு.”

“அவருக்காகத்தான் தம்பி. நடக்கலன்னா கால் போயிடும்னு சொன்னாங்க. நாலு மாசம் மூடினா...”

விசில்காரருக்குக் கோபம் வந்து டீச்சர் பார்த்ததில்லை. அன்றும் குரல் உயரவில்லை.

“சாருக்குன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருந்தா, சைடு கேட்ட நானே திறந்து விட்டிருப்பேனே. ஒரு ஆளு. மெதுவா நடக்கிற ஒரே ஆளு. ஒரு வாரத்துல பறவை பழகிக்கும். யாருக்குத் தெரியப் போகுது? இப்ப ஊரையே திறந்து விட்டுட்டீங்களே.”

டீச்சருக்கு அந்த வழி தோன்றவே இல்லை. விதியைக் கொண்டுவந்தவள் விதியை உடைக்க ஒரு பொய்யைத்தான் தேடினாள். ஒரு மனிதரிடம் போய்க் கேட்கலாம் என்று அவள் புத்திக்கு எட்டவில்லை. பையிலிருந்து சிதறிய தக்காளியை விசில்காரர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, கூண்டு அறைக்குப் போனார்.

பதினாலாம் கம்பத்துப் பறவை பிறகு கூட்டுக்கு வரவில்லை. ஏழு.

ஓட்டம் அறிவித்த பிறகு சங்கத்துக்காரர்கள் தினமும் காலையில் கிழக்குக் கரையில் பயிற்சி எடுத்தார்கள். ஐம்பது, அறுபது பேர், இருவர் நடக்கிற அகலப் பாதையில். நல்லவர்கள்தான். டீச்சரின் கணவரைப் பார்த்தால் எல்லாரும் “குட்மார்னிங் சார்” என்பார்கள். “சூப்பர் சார், விடாதீங்க” என்பார்கள். அவரும் பெரிய வண்டிக்கு வழி விடுகிற பழக்கத்தில் ஓரம் கட்டி நிற்பார்.

மூன்றாவது வாரம் ஒருநாள், அவர் வந்து படுத்த பிறகு டீச்சர் ஷூவைக் கழுவ எடுத்தாள். வாரம் ஒருமுறை கழுவுவது வழக்கம். வலது ஷூவில் தூசிதான். இடது ஷூவின் அடியில் மஞ்சளாக ஏதோ காய்ந்து பிடித்திருந்தது. பூசணிப் பூவோ, களிமண்ணோ என்று நகத்தால் சுரண்டினாள். ஓடு ஒன்று வந்தது. சுண்டுவிரல் நகத்தளவு. சாம்பல் நிறத்தில் கறுப்புப் புள்ளி. இன்னொரு துண்டில் மெல்லிய ஈரத் தோல் ஒட்டியிருந்தது, அதில் ஊசி முனை மாதிரி ஒரு அலகு.

பொரிக்க இன்னும் நான்கைந்து நாள்தான் இருந்திருக்கும்.

அவள் குழாயைத் திறந்துவிட்டு ஷூவைப் பிரஷால் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் வழிந்து தரை முழுக்க ஓடியது.

“என்ன, ஷூவக் கொலை பண்றியா?” வாசற்படியில் சுவரைப் பிடித்தபடி கணவர் நின்றிருந்தார்.

“சேறு.”

“மழையே இல்ல, சேறு எங்கேருந்து வந்தது?” அவர் குனிய முடியாமல் குனிந்து பார்த்தார். சோப்பு நுரையில் அந்த ஓட்டுத் துண்டு தனியாகக் கிடந்தது. அவளோடு முப்பத்தாறு வருஷம் வாழ்ந்தவர். அந்தப் புள்ளியை அவருக்கு அடையாளம் தெரியும். அவள் புத்தகங்களில் பார்த்திருக்கிறார்.

“என் கால்லயா?”

அவள் குழாயை மூடினாள்.

“பசங்க ஓடி வந்தாங்க. கல்லுல இறங்கி நின்னேன். தலைக்கு மேல கத்திட்டேதான் இருந்துச்சு. எப்பவும் கத்துமே, அப்படின்னு நினைச்சேன்.” குரல் தடுமாறியது. “முப்பத்தோரு வருஷம். ரோட்டுல ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல நான். காலுக்குக் கீழ ஒண்ணு நசுங்கியிருக்கு, தெரியவே இல்லயே.”

“உங்க தப்பு இல்லங்க.”

“பறவை இருக்கிற எடத்துல பாதைய எதுக்குத் திறந்து வச்சிருக்காங்க? நீதான் பத்துக்குக் கீழ போனா மூடணும்னு சண்டை போட்டு வாங்கின. இந்த வருஷம் எத்தனை?”

அப்போது பதினொன்று என்று சொல்லியிருக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆனால் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அவர் கத்தவில்லை. ஈரத்தரையில் கால் வைக்காமல் அங்கேயே நின்றார்.

“யாருக்காக?”

“உங்களுக்காகத்தான்.”

“என்னக் கேட்டியா?”

“கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க.”

“தெரியுதுல்ல.”

அவ்வளவுதான் பேசினார். மறுநாள் காலையில் ஷூ காய்ந்து, வாசலில் அதனிடத்தில் இருந்தது. அவர் நாற்காலிக்கு வரவில்லை. “இன்னிக்கு வேண்டாம்” என்றார். அடுத்த நாளும் அதையே சொன்னார். கெஞ்சினாள், அழுதாள், மகளிடம் சொல்லிப் போனில் பேசவைத்தாள். மகளிடம் கலகலவென்று பேசினார், பேரப்பிள்ளையின் பரீட்சை பற்றி விசாரித்தார், போனை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஓட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது டீச்சர் தலைவரிடம் சொல்லி அவசரக் கூட்டம் போடவைத்தாள். எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிற குரலிலேயே சொன்னாள்.

“நான் கொடுத்த கணக்கு பொய். எட்டுதான் இருந்தது. பயிற்சி ஆரம்பிச்சப்புறம் ஒவ்வொண்ணாப் போய், இப்ப அஞ்சு. பாதைய உடனே மூடணும். ஓட்டத்த வேற பக்கம் மாத்தணும்.”

குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பெண் பேனாவைத் தூக்கித் தலைவரைப் பார்த்தாள்.

“அத எழுத வேண்டாம்மா” என்றார் தலைவர்.

“எழுதணும் சார். அதுக்குத்தான் வந்தேன்.”

“டீச்சர், கொஞ்சம் யோசிங்க. பொய்க் கணக்குன்னு பதிவானா நகராட்சி குழுவையே கலைச்சிடும். அப்புறம் பறவையப் பாக்கவும் ஆள் இருக்காது, பாதையப் பாக்கவும் ஆள் இருக்காது. விதியில என்ன இருக்கு? வருஷத்துக்கு ஒரு கணக்கெடுப்பு. எடுத்தாச்சு. பதினொண்ணுன்னு ஏத்தாச்சு.”

பல் டாக்டர் அன்று சிரிக்கவில்லை. அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “அஞ்சு கூட்டுக்காக அறுநூறு பேரைத் திருப்பி அனுப்ப முடியுமா டீச்சர்? பாதி பேர் சர்க்கரை, பிரஷர்னு டாக்டர் சொல்லி ஓட ஆரம்பிச்சவங்க. அவங்களும் உயிர்தானே?”

இதே நியாயத்தைத்தானே அவளும் சமையலறை மேஜையில் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

“தாளுல ரெண்டாவது கையெழுத்து யாரோடது?” என்று கேட்டார் தலைவர், கோப்பைப் புரட்டிக்கொண்டே.

“வாட்ச்மேனோடது. அவருக்கு ஒண்ணும் தெரியாது சார். காலித் தாளுல போட்டார். நான் சொன்னத நம்பினார்.”

“காலித் தாளுல கையெழுத்துப் போட்டாரா?” தலைவர் பெருமூச்சு விட்டார். விசில்காரரைக் காப்பாற்ற அவள் சொன்ன வாக்கியமே அவர் கழுத்தில் விழுந்தது. எய்தவளை உடல்நிலை சரியில்லை என்று சொல்லி மரியாதையாகக் குழுவிலிருந்து அனுப்பி வைத்தார்கள். அம்பைத்தான் நொந்தார்கள். மாதக் கடைசிக்குள் விசில்காரரை ஊருக்கு வெளியே கழிவுநீர்ப் பம்ப் நிலையத்துக்கு மாற்றினார்கள். பன்னிரண்டு வருஷம் வெளிக்காற்றில் நின்றவர்.

ஓட்டத்தன்று விடியுமுன்பே டீச்சர் போய், பாதையின் ஓரம் நெடுகக் கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டினாள். பாதையை விட்டு இறங்காமல் ஓடினால் ஐந்தும் தப்பிக்கும் என்பது கணக்கு. மஞ்சள் சட்டை போட்ட தொண்டர்கள் வந்து பணிவாகக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி அவள் கையிலேயே கொடுத்தார்கள். “யாராவது தடுக்கி விழுந்துட்டா ஆபத்தும்மா.” சுருட்டிய கயிற்றோடு அவள் ஒதுங்கி நிற்க, அறுநூறு பேர் இருவர் அகலப் பாதையில் வந்தார்கள். பாதையில் வந்தவர்கள் பாதி, சரளையில் இறங்கியவர்கள் பாதி. பறவைகள் தலைக்கு மேல் கத்தின. ஒலிபெருக்கிப் பாட்டில் அது யாருக்கும் கேட்கவில்லை.

எல்லாரும் போன பிறகு அவள் சரளையில் இறங்கித் தேடினாள். ஒரு கூட்டில் முட்டை நான்கும் உடையாமல் இருந்தன. வெயில் உச்சிக்கு வரும்வரை தள்ளி நின்று பார்த்தாள். அதன் மேல் வந்து உட்காரப் பறவை இல்லை.

அடுத்த வருஷம் கணக்கெடுப்புக்குக் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நேர்மையாக எண்ணி, பூஜ்யம் என்று எழுதினார்கள். கூடே இல்லாத கரைக்கு விதி எதற்கு என்று குழு அதை நீக்கிவிட்டது. கேட்டில் புதிய பலகை மாட்டினார்கள்: ‘கிழக்குக் கரைப் பாதை ஆண்டு முழுவதும் திறந்திருக்கும்.’

டீச்சரின் கணவர் அதைப் பார்க்கவில்லை. வீட்டு நடையில் கொஞ்ச நாள் நடந்தார். பிறகு கட்டிலிலிருந்து கழிப்பறை வரைக்கும். மூன்றாம் மாதம் அங்கேயே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு விட்டது. அதற்குப் பிறகு கட்டில்தான். அவளிடம் அவருக்குக் கோபம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. ஊட்டினால் சாப்பிடுவார், துடைத்துவிட்டால் “போதும், கை வலிக்கும் உனக்கு” என்பார். டீச்சரம்மா என்று மட்டும் கூப்பிடுவதில்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணை அவருக்குத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு, டீச்சர் இரண்டு பஸ் மாறிப் பம்ப் நிலையத்துக்குப் போனாள். என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. நாற்றம் கேட்டிலேயே முகத்தில் அடித்தது. விசில்காரர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு ஒரு இரும்புக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். இளைத்துப் போயிருந்தார். அவளைப் பார்த்ததும் துணியை இறக்கி, பிளாஸ்டிக் நாற்காலியை உதறிப் போட்டார்.

“உக்காருங்க டீச்சர். சார் எப்படி இருக்காரு?”

“படுக்கையிலதான் தம்பி. எழுந்திருக்கிறதில்ல.”

“அடடா” என்றார். மெய்யாகவே வருந்தினார்.

“தம்பி, நான் உங்களுக்குச் செஞ்சது...”

உள்ளே மணி அடித்தது. தொட்டி நிரம்பிவிட்டால் அடிக்கிற மணி. “ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு விசில்காரர் எழுந்து போனார். மோட்டார் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. நாற்காலியின் கால்வரைக்கும் தரை அதிர்ந்தது. ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று. மணி நின்று வெகு நேரமாகியும் அவர் வெளியே வரவில்லை. கதவு இடுக்கில் அவர் முதுகு தெரிந்தது. வேலை எதுவும் செய்யாமல், மோட்டாரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

டீச்சர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து, நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தி வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தாள்.